மினியாபொலிஸ், 2025: ஒரு கட்சி மாநாடு கொடுத்த ஆதரவு 33 நாளில் ரத்தானது எப்படி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் நகர டிஎஃப்எல் கட்சி (ஜனநாயகக் கட்சிக்கு அந்த மாநிலத்தில் உள்ள பெயர்) 2025 ஜூலை 19 சனிக்கிழமை டார்கெட் சென்டர் அரங்கில் மாநாடு கூட்டியது. நவம்பரில் வரவிருந்த மேயர் தேர்தலுக்கு மாநில செனட்டர் ஒமர் ஃபாத்தேவை ஆதரிப்பதாக அன்று அறிவித்தது. பதவியில் இருந்த மேயர் ஜேக்கப் ஃப்ரேயும் அதே கட்சிக்காரர்தான். 2009-இல் ஆர்.டி. ரைபாக்குக்கு அளித்ததற்குப் பிறகு, 16 ஆண்டுகளாக அந்த நகரக் கட்சியால் எந்த மேயர் வேட்பாளருக்கும் ஆதரவு தர முடிந்ததில்லை. அதனால் செய்தி நாடு முழுக்கப் போனது.

ஆகஸ்ட் 21 அன்று மாநில டிஎஃப்எல் கட்சியின் அமைப்பு விதிக் குழு அந்த ஆதரவை ரத்து செய்தது. முதல் சுற்று மின்னணு வாக்கெடுப்பில் 176 வாக்குகள் கணக்கில் வராமல் போயிருந்தன. அதன் விளைவாக மூன்றாவது வேட்பாளரான டிவெய்ன் டேவிஸ், போட்டியில் நீடித்திருக்க வேண்டியவர், தவறாக வெளியேற்றப்பட்டிருந்தார். நகரக் கட்சி இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. மறு மாநாடு கிடையாது. மேயர் பதவிக்கு அந்த ஆண்டு யாருக்கும் கட்சி ஆதரவு இல்லை என்று முடிந்தது.

இதை இடதுசாரியான ஃபாத்தேவுக்கும் மிதவாதியான ஃப்ரேக்கும் நடந்த சண்டையாகத்தான் பெரும்பாலோர் எழுதினார்கள். அந்தச் சண்டை இருந்தது உண்மை. ஆனால் ஆதரவை வீழ்த்தியது அரங்கத்துக் கணக்கு. யார் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை பேர் வாக்களித்தார்கள், அந்த இரண்டு எண்களும் பொருந்துகின்றனவா என்பதை அந்த நேரத்திலேயே யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை. உள்ளூர்க் கட்சி அமைப்பு எதையாவது நடத்தும் யாருக்கும் இந்த நிகழ்வில் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

இந்த ஆதரவுக்கு என்ன மதிப்பு

டிஎஃப்எல் என்பது ஜனநாயக–விவசாயி–தொழிலாளர் கட்சி. 1944-இல் மினசோட்டாவின் ஜனநாயகக் கட்சியும் விவசாயி–தொழிலாளர் கட்சியும் ஒன்றாக இணைந்து உருவானது. தேசிய ஜனநாயகக் கட்சியின் மாநிலக் கிளை இதுவே. அமெரிக்காவில் கட்சித் தலைமை ‘இவர்தான் நம் வேட்பாளர்’ என்று சொல்லிச் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் இல்லை. யார் வேண்டுமானாலும் மனு போடலாம். கட்சி செய்யக்கூடியது, தன் பிரதிநிதிகளைக் கூட்டி ‘இவரை நாங்கள் ஆதரிக்கிறோம்’ என்று தீர்மானிப்பது மட்டுமே.

மாநிலப் பதவிகளுக்கு ஆகஸ்டில் முதல்நிலைத் தேர்தல் உண்டு; கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. அங்கே கட்சி ஆதரவு பெற்றவர் தோற்பது புதிதல்ல. 2010-இல் ஆளுநர் பதவிக்கு மார்கரெட் ஆண்டர்சன் கெலிஹருக்கு மாநாடு ஆதரவு தந்தது; முதல்நிலைத் தேர்தலில் மார்க் டேட்டன் வென்றார். 2018-இல் எரின் மர்ஃபிக்கு ஆதரவு. வென்றவர் டிம் வால்ஸ். மினியாபொலிஸ் நகரத் தேர்தலில் நிலைமை வேறு. அங்கே 2009 முதல் விருப்ப வரிசை வாக்களிப்பு (வேட்பாளர்களை முதல் விருப்பம், அடுத்த விருப்பம் என்று வாக்காளர் வரிசைப்படுத்தும் முறை) நடக்கிறது, முதல்நிலைத் தேர்தலே கிடையாது. ஒரே கட்சியைச் சேர்ந்த நான்கு பேர் நவம்பர் வாக்குச்சீட்டில் நிற்கலாம். நான்கு பேரும் தங்கள் பெயருக்கு அருகில் டிஎஃப்எல் என்று போட்டுக்கொள்ளலாம். கட்சி யாரை ஆதரித்தது என்பது சீட்டில் அச்சாகாது. ஆகவே நான்கு டிஎஃப்எல்காரர்களில் யார் கட்சியின் ஆள் என்று வாக்காளருக்குச் சொல்லும் ஒரே கருவி மாநாட்டின் ஆதரவுதான். அதோடு கட்சியின் வாக்காளர் பட்டியல் தரவு, வீடுவீடாகப் போகும் தொண்டர்கள், அஞ்சலில் போகும் மாதிரி வாக்குச்சீட்டு எல்லாம் ஆதரவு பெற்றவர் பக்கம் வரும்.

ஃபாத்தேவுக்கு இந்தப் பாதை நன்றாகத் தெரியும். 2020-இல் மாநில செனட் 62-ஆம் தொகுதியில், பதவியில் இருந்த ஜெஃப் ஹேடனை மீறிக் கட்சி ஆதரவு வாங்கி, முதல்நிலைத் தேர்தலிலும் ஜெயித்து வந்தவர் அவர்.

நாட்காட்டி

நகரத் தேர்தல் ஆண்டில் எல்லாம் நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் தொடங்க வேண்டும். 2025-இல் தேர்தல் நாள் நவம்பர் 4. மினசோட்டாவில் முன்கூட்டிய வாக்களிப்பு தேர்தலுக்கு 46 நாள் முன்பே திறந்துவிடும். அந்த ஆண்டு அது செப்டம்பர் 19. மனுத் தாக்கல் ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 12 வரை. கட்சியின் அடிமட்டக் கூட்டங்களான காக்கஸ்கள் ஏப்ரல் 8. அதற்கும் ஜூலைக்கும் நடுவில் 13 வார்டுகளின் மாநாடுகள். கடைசியில் நகர மாநாடு, ஜூலை 19.

இரட்டைப்படை ஆண்டுகளில் இந்த வரிசை முழுவதும் கட்சியின் சொந்தப் பொறுப்பு. மாநிலத் தேர்தல் வரும் ஆண்டுகளில் காக்கஸ் இரவுக்கு மாநிலச் சட்டமே துணை நிற்கும். தேதி சட்டப்படி நிற்கும், பள்ளிக் கட்டடங்கள் கிடைக்கும், பத்து நாள் முன்பு எழுதிக் கொடுத்தால் முதலாளி வேலையிலிருந்து விடுப்புத் தர வேண்டும். நகரத் தேர்தல் ஆண்டில் இடம் பிடிப்பதும் ஆள் திரட்டுவதும் கையில் உள்ள பணத்தையும் தொண்டர்களையும் வைத்தே நடக்க வேண்டும்.

ஜூலை 19 என்ற தேதிதான் இந்த நாட்காட்டியின் பலவீனம் என்பது எங்கள் கருத்து. மாநாட்டுக்கும் மனுத் தாக்கல் தொடங்குவதற்கும் நடுவே பத்தே நாள். மாநாட்டு முடிவை எதிர்த்து மாநிலக் கட்சியிடம் முறையீடு செய்ய உரிமை உண்டு என்றால், அந்த முறையீடு முடிவதற்கும் நாட்காட்டியில் இடம் விட்டிருக்க வேண்டும். இங்கே முறையீடு முடிய 33 நாள் ஆனது. தீர்ப்பு வந்தபோது மனுத் தாக்கல் முடிந்து ஒன்பது நாள் ஓடிவிட்டது. முன்கூட்டிய வாக்களிப்புக்கு 29 நாள்தான் மிச்சம். மறு மாநாடு நடத்து என்று ஒரு குழு உத்தரவிட நினைத்தாலும், அரங்கம் பிடித்து, பிரதிநிதிகளுக்கு அறிவிப்பு அனுப்பி, பட்டியலைச் சரிசெய்து நடத்த அந்த இடைவெளி போதாது. 2013-இல் இதே நகர மாநாடு ஜூன் 15-இலும், 2017-இல் ஜூலை 8-இலும் நடந்தது. ஜூன் நடுவாரத்துக்குள் முடித்தால் முறையீட்டுக்கு ஒரு மாதமும், அது ஏற்கப்பட்டால் மறு கூட்டத்துக்கு மூன்று வாரமும் கிடைக்கும். ஜூலையில் நடத்தினால் முதல் முறையே பிசகாமல் நடக்க வேண்டும்.

காக்கஸ் இரவு

நகர மாநாட்டில் யார் ஜெயிப்பார் என்பது பெரும்பாலும் காக்கஸ் இரவிலேயே முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதியிலிருந்தும் எத்தனை பிரதிநிதிகள் என்பது முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். கடந்த தேர்தல்களில் அந்தப் பகுதியில் கட்சிக்கு விழுந்த வாக்குகளை வைத்து இந்தப் பங்கீடு. வந்தவர்கள் பிரதிநிதி இடங்களைவிடக் குறைவாக இருந்தால் விருப்பமுள்ள அனைவரும் பிரதிநிதிகள் ஆகிவிடலாம். அதிகமாக இருந்தால் உட்குழு முறை.

டிஎஃப்எல் கட்சிக்கே உரிய இந்த உட்குழு முறையைப் பார்க்காதவர்களுக்குப் புரிவது கடினம். வந்தவர்கள் எழுந்து நடந்து, தாங்கள் விரும்பும் வேட்பாளரின் அல்லது கொள்கையின் பெயர்ப்பலகைக்குக் கீழே போய் நிற்பார்கள். ‘வாடகைக் கட்டுப்பாடு’ என்று ஒரு மூலை இருக்கலாம், ‘இன்னும் முடிவெடுக்காதவர்கள்’ என்று இன்னொன்று இருக்கலாம். பிறகு எண்ணிக்கை.

ஒரு கற்பனைக் கணக்கு: அறையில் 66 பேர், தேர்ந்தெடுக்க வேண்டிய பிரதிநிதிகள் 8. 66-ஐ 8-ஆல் வகுத்தால் 8.25, மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 9. ஒன்பது பேர் இல்லாத உட்குழு நிலைக்காது. முதல் எண்ணிக்கையில் 31, 20, 10, 5 என்று நிற்கிறார்கள். ஐந்து பேர் குழு கலைய வேண்டும். இப்போது மற்ற மூன்று குழுவினரும் அந்த ஐந்து பேரைச் சுற்றி நின்று பேசத் தொடங்குவார்கள். ‘உங்கள் ஆள் ஒருவருக்கு எங்கள் பட்டியலில் இடம் தருகிறோம், வாருங்கள்’ என்பதுதான் அங்கே நடக்கும் பேரம். இரண்டு பேர் முதல் குழுவுக்கும், இரண்டு பேர் இரண்டாவதற்கும், ஒருவர் மூன்றாவதற்கும் போனால் 33, 22, 11. ஒவ்வொன்றையும் எட்டால் பெருக்கி 66-ஆல் வகுத்தால் 4, 2.67, 1.33. முழு எண்கள் 4, 2, 1, சேர்த்து ஏழு. மிச்சமுள்ள ஓர் இடம் பெரிய பின்னம் வைத்திருக்கும் இரண்டாம் குழுவுக்கு. ஆக 4, 3, 1. இரண்டாம் குழுவுக்குப் போன இருவரும் மூன்றாம் குழுவுக்குப் போயிருந்தால் 33, 20, 13. பின்னங்கள் 4, 2.42, 1.58. கடைசி இடம் மூன்றாம் குழுவுக்குப் போய்விடும். இரண்டு பேர் அறையின் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பதில் ஒரு பிரதிநிதி இடம் மாறுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட அறைகளில் இது ஒரே இரவில் நடக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் இந்தக் கணக்குத் தெரிந்த ஓர் ஆளை அனுப்பத் தெரிந்த வேட்பாளர் ஜூலையில் முந்துவார்.

காக்கஸ் இரவில் கெட்டுப்போவது பெரும்பாலும் காகிதம். கையெழுத்துப் பட்டியலில் மின்னஞ்சல் முகவரி புரியாமல் எழுதப்பட்டிருக்கும். மாற்றுப் பிரதிநிதிகளின் வரிசை எண் குறிக்கப்படாமல் விட்டுப் போயிருக்கும். யார் முதல் மாற்று, யார் ஐந்தாவது என்பது ஏப்ரலில் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. ஜூலையில் ஒரு பிரதிநிதி வராமல் போனால் அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்ற கேள்வி அந்தக் காகிதத்திலிருந்துதான் தீர வேண்டும்.

அரங்கத்துக்குள் மூன்று எண்கள்

மாநாடு அன்று காலை நுழைவு மேசையில் பிரதிநிதி பெயரைச் சொல்லி, பட்டியலில் சரிபார்த்து, அட்டை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். பதிவு நேரம் முடிந்த பிறகு, வராத பிரதிநிதிகளின் இடத்தில் மாற்றுப் பிரதிநிதிகள் வரிசைப்படி உயர்த்தப்படுவார்கள். அவர்களின் அட்டை மாற வேண்டும், பட்டியலில் நிலை மாற வேண்டும், மின்னணு வாக்கு என்றால் அந்த அமைப்பிலும் மாற வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஆள் அரங்கத்தில் இருப்பார், வாக்கில் இருக்க மாட்டார்.

ஆகவே தலைமை மேசைக்கு எந்த நேரத்திலும் மூன்று எண்கள் தெரிந்திருக்க வேண்டும். பதிவு செய்து அட்டை வாங்கியவர்கள் எத்தனை. இப்போது வாக்குரிமையோடு அமர்ந்திருப்பவர்கள் எத்தனை. இந்தச் சுற்றில் பதிவான வாக்குகள் எத்தனை. முதல் இரண்டும் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது எண் இரண்டாவதைவிடக் கொஞ்சம் குறையலாம். யாராவது வெளியே போயிருப்பார், யாராவது வாக்களிக்காமல் இருப்பார். நூற்றுக்கு மேல் குறைந்தால் முடிவை அறிவிக்கக் கூடாது. இது யாரும் எழுதி வைக்காத விதியாகவே பல இடங்களில் இருந்துவிடுகிறது; எழுதி வைக்க வேண்டிய விதி.

176 என்ற எண்ணின் எடை புரிய மறுபடியும் ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். பதிவான வாக்குகள் 700 என்று திரையில் வருகிறது. ஒரு வேட்பாளர் 139 வாங்கியிருக்கிறார்: 19.86 சதவீதம். விதிப்படி 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர் விலக வேண்டும் என்றால் அவர் வெளியே. ஆனால் உண்மையில் விழுந்த வாக்குகள் 876, விடுபட்ட 176-இல் நாற்பது அவருடையது என்றால் அவரது கணக்கு 179, அது 20.4 சதவீதம். அவர் உள்ளே. ஒருவர் உள்ளே இருப்பதா வெளியே போவதா என்பது அடுத்த சுற்றில் அவரது ஆதரவாளர்கள் எங்கே போகிறார்கள் என்பதை மாற்றும். அதனால் முடிவே மாறக்கூடும். மாநிலக் குழு பிடித்ததும் இந்த முடிச்சைத்தான். ஃபாத்தே முதல் சுற்றில் முன்னணியில் இருந்தார், விடுபட்ட வாக்குகளைச் சேர்த்தாலும் அவரே ஜெயித்திருப்பார் என்று அவர் தரப்பு வாதிட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் டேவிஸ் இருந்திருந்தால் இரண்டாம் சுற்று எப்படிப் போயிருக்கும் என்பதை யாராலும் பின்னால் உட்கார்ந்து கணக்கிட முடியாது. பல சுற்று வாக்கெடுப்பில் முதல் சுற்றுப் பிழையைக் கடைசிச் சுற்று முடிவைக் காட்டி நியாயப்படுத்த இடமில்லை.

மின்னணு வாக்கெடுப்பே தவறு என்று இதிலிருந்து சொல்வது அவசரம். தாள் வாக்கில் ஒரு சுற்றுக்கு விநியோகம், எழுத்து, சேகரிப்பு, எண்ணிக்கை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடிவிடும். நான்கு சுற்று என்றால் மாலை போய்விடும். கட்சிகள் மின்னணுவுக்குப் போவதற்குக் காரணம் உண்டு. ஆனால் தாளில் ஒரு நன்மை இருக்கிறது. வார்டு வார்டாகப் பெட்டி வரும், ‘இந்த வார்டில் 61 பேர் அமர்ந்திருக்கிறார்கள், 44 சீட்டுத்தான் வந்திருக்கிறது, மீதி எங்கே’ என்று எண்ணுபவர் அந்த இடத்திலேயே கேட்பார். மின்னணுவில் மொத்த எண் ஒன்றாக வந்து விழும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மின்னணு முறையிலும் வார்டு வாரியாக எண்ணிக்கையைத் திரையில் காட்டச் சொல்லலாம். ஒவ்வொரு வார்டுத் தலைவரும் தன் வார்டில் அமர்ந்திருப்பவர்களை எண்ணி ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகே சுற்று முடிந்தது என்று அறிவிக்கலாம். கூடுதலாகப் பத்து நிமிடம்.

இன்னொரு முன்னேற்பாடு, சோதனைச் சுற்று. மாநாடு தொடங்கியதும் முடிவு எல்லோருக்கும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு முறை வாக்களிக்கச் செய்ய வேண்டும். இன்று சனிக்கிழமைதானே என்று கேட்டால்கூடப் போதும். எவருக்கு இணைப்பு வரவில்லை, எவர் பெயர் பட்டியலில் இல்லை என்பது அப்போதே வெளிப்படும். அவர்களைச் சரிசெய்யப் போதிய நேரம் இருக்கும்.

60 சதவீதமும் கோரமும்

டிஎஃப்எல் ஆதரவுக்கு 60 சதவீத வாக்கு வேண்டும். எதில் 60 என்பதை விதி தெளிவாகச் சொல்ல வேண்டும்: செல்லும் வாக்குகளிலா, அமர்ந்திருப்பவர்களிலா, ‘யாருக்கும் ஆதரவு வேண்டாம்’ என்று போட்டவர்களையும் சேர்த்தா. ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவுக்குக் கீழே இருப்பவர் விலக வேண்டும் என்ற படிநிலையும் மாநாட்டின் தொடக்கத்திலேயே நிறைவேறும் விதிகளில் இருக்கும். பின்தங்கியவர்களை மெதுவாக விலக்கும் விதி நான்காம் இடத்தவருக்குப் பேரம் பேச நேரம் தரும். வேகமாக விலக்கும் விதி முன்னணியில் இருப்பவருக்கு உதவும். அதனால்தான் அனுபவமுள்ள பிரசாரக் குழுக்கள் பேச்சுகளைவிட விதிக் குழுக் கூட்டத்துக்கு அதிக ஆளை அனுப்புகின்றன.

60-ஐவிட அதிகம் கவனிக்க வேண்டியது கோரம். அதாவது, முடிவெடுக்க அரங்கத்தில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது. கோரத்தைப் பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 800 பேர் பதிவு, கோரம் 401. மாலையில் களைத்துப்போய் 250 பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மீதி 550. முன்னணி வேட்பாளரிடம் சரியாக 330, அதாவது 60 சதவீதம். தோற்கப் போகும் தரப்பின் 220 பேரும் எழுந்து வெளியே போனால் உள்ளே இருப்பது 330. கோரம் இல்லை, மாநாடு கலைய வேண்டியதுதான். அறையில் 60 சதவீதம் இருந்தும் ஆதரவு கிடைக்காது. ஜெயிக்க வேண்டுமென்றால் தனியாகவே கோரத்தைத் தாங்கும் அளவுக்கு ஆளைக் கடைசிவரை உட்கார வைக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அறை, சாப்பாடு, தண்ணீர், சோமாலி, ஸ்பானிஷ், ஹ்மாங் மொழிபெயர்ப்பு என்று மாநாட்டுக்குச் செய்யும் ஏற்பாடுகள் மனிதாபிமானத்தால் மட்டும் செய்யப்படுவதில்லை. இரவு ஷிஃப்டுக்குப் போக வேண்டியவரும் கைக்குழந்தைக்காரரும் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டால் அவர்களின் வேட்பாளர் கணக்கு சரியும்.

2013-இல் இதுவே நடந்தது. மார்க் ஆண்ட்ரூ முன்னணியில் இருக்க, பெட்ஸி ஹாட்ஜஸ் தரப்பு அரங்கத்தை விட்டு வெளியேறியது, கோரம் போனது, ஆதரவு யாருக்கும் இல்லை. நவம்பரில் ஹாட்ஜஸ் மேயரானார். 2017-இலும் எவரும் 60-ஐ எட்டவில்லை. 2021-இல் பெருந்தொற்றால் நேரடி மாநாடு இல்லாமல் தொலைவிலிருந்தே வாக்களித்தார்கள். ஷீலா நெஸாத் சுமார் 53 சதவீதம், ஃப்ரே சுமார் 40. மறுபடி யாருக்கும் ஆதரவு இல்லை. அந்த இரண்டு தேர்தலிலும் ஜெயித்தவர் ஃப்ரே. பதவியில் இருப்பவருக்கு இந்த வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. தான் 60 வாங்க முடியாவிட்டால் மற்றவரும் வாங்காமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

2025-இல் முதல் சுற்றுக்குப் பிறகு ஃப்ரே தரப்பு தன் பிரதிநிதிகளை வெளியேறச் சொன்னது. இந்த முறை மாநாடு கலையவில்லை. மீதி இருந்தவர்கள் அட்டைகளை உயர்த்திக் காட்டி வாக்களித்தார்கள். ஃபாத்தேவுக்கு ஆதரவு நிறைவேறியது. நேரமில்லாத மாலையில், எதிர்த்தரப்பு எழுந்து போகும்போது, அட்டை தூக்குவது வேகமான வழி. ஆனால் அந்த வழியில் மறு எண்ணிக்கைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எத்தனை அட்டைகள் உயர்ந்தன, அவற்றில் எத்தனை வாக்குரிமை உள்ளவை, அந்த நிமிடம் கோரம் இருந்ததா என்று பின்னால் ஒருவர் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. முதல் சுற்றின் மின்னணு எண்ணிக்கை ஏற்கெனவே சந்தேகத்துக்குரியதாக இருந்த நிலையில், இரண்டாம் சுற்றாவது உறுதியான ஆவணம் விட்டிருக்க வேண்டும். வார்டு வாரியாக எழுந்து நிற்கச் சொல்லி, இரு தரப்பின் பார்வையாளர் முன்னிலையில் ஒவ்வொரு வரிசையும் எண்ணி எழுதியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

மேடை

2023 மே 13 அன்று இதே நகரத்தின் பத்தாவது வார்டு மாநாடு கைகலப்பில் முடிந்தது. கவுன்சில் உறுப்பினர் ஆயிஷா சுக்தாய் பேச மேடை ஏறியபோது எதிர்த்தரப்பினர் மேடையை நோக்கிப் பாய்ந்தனர். மாநாடு ஆதரவு எதுவும் தராமல் கலைந்தது. அதன் பிறகு மாநிலக் கட்சி, வன்முறையில் ஈடுபடுபவர்களைக் கட்சி நடவடிக்கைகளிலிருந்து விலக்கி வைக்கும்படி தன் துணை விதிகளை மாற்றியது. மேடைக்கு முன்னால் இடைவெளி, பேச்சாளரோடு ஏறும் ஆதரவாளர் எண்ணிக்கைக்கு வரம்பு, இரு தரப்புக்கும் தனித்தனி வாசல் ஆகிய சின்ன ஏற்பாடுகள் இல்லாத பள்ளி அரங்கத்தில் சில நூறு பேரைக் கோபத்தோடு நெருக்கிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

முறையீடு

மாநாட்டை எதிர்த்துப் புகார் எழுதுபவர் ‘எங்கள் ஆள் ஜெயித்திருக்க வேண்டும்’ என்று எழுதினால் எந்தக் குழுவும் கேட்காது. எந்த விதி மீறப்பட்டது, அதனால் எந்த எண் மாறியது, அந்த எண் முடிவைப் பாதித்திருக்க முடியுமா என்ற மூன்றையும் காட்ட வேண்டும். ஃப்ரே தரப்பின் புகாரில் பலமாக இருந்த பகுதி அதுவே. விடுபட்ட வாக்குகள் இருந்ததை நகரக் கட்சியே ஒப்புக்கொண்டிருந்தது; டேவிஸ் தவறாக நீக்கப்பட்டதும் அதிலிருந்து தெளிவானது.

ஃபாத்தே தரப்புக்கு வந்த கோபத்துக்கும் நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கான தொண்டர்கள் ஏப்ரலிலிருந்து வேலை செய்து, சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எடுத்த முடிவை, அந்த அரங்கத்தில் இல்லாத ஒரு மாநிலக் குழு மாற்றியது. ஆதரவை ரத்து செய்ததோடு மறு மாநாட்டுக்கும் வழியில்லாமல் போனதால், தவறு செய்த அமைப்பாளர்களைவிட அதிக விலை கொடுத்தது அந்தத் தொண்டர்கள்தான். குழு தந்த தீர்ப்பு சரி என்றே நினைக்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு வேறு வழி இல்லாமல் செய்தது ஜூலை 19 என்ற தேதி.

அதன் பிறகு ஃபாத்தே, டேவிஸ், இன்னொரு மேயர் வேட்பாளரான ஜாஸ் ஹாம்ப்டன் மூவரும் ஒருவருக்கொருவர் அடுத்த விருப்பமாக வாக்களிக்கச் சொல்லிக் கைகோத்தார்கள். நவம்பர் 4-இல் முதல் விருப்ப எண்ணிக்கையில் ஃப்ரே முன்னிலை பெற்றார், பாதியைத் தாண்டவில்லை. விருப்பங்கள் மாற்றி எண்ணப்பட்ட பிறகு 50 சதவீதத்தைச் சற்றே கடந்து மூன்றாம் முறை மேயரானார்.

அடுத்து நடத்துபவர்கள் செய்ய வேண்டியவை

பிரதிநிதிப் பட்டியல் ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். அதைத் திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிவாக வேண்டும். மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு எல்லாப் பிரசாரக் குழுக்களுக்கும் அதன் நகல் போக வேண்டும். தங்கள் ஆட்களின் பெயர் விட்டுப்போனதை அவர்களைவிட வேகமாக யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நிகழ்ச்சி நிரலில் மேயரை முதலில் வைக்க வேண்டும். பூங்கா வாரியத்தின் நகரளாவிய இடங்களும் மதிப்பீட்டு, வரி வாரிய இடங்களும் பின்னால் வரலாம். அரங்கம் நிரம்பியிருக்கும் நேரத்தைப் பெரிய கேள்விக்குக் கொடுத்தால் கோரச் சண்டையில் பாதி இல்லாமல் போகும். வரவேற்புரைகளையும் மற்ற பதவிகளில் இருப்பவர்களின் வாழ்த்துகளையும் வாக்கு எண்ணும் இடைவேளைக்குத் தள்ளலாம். அப்போது மேடை எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.

அரங்கத்தை எப்போது காலி செய்ய வேண்டும் என்ற நேரத்தை வைத்து எத்தனை சுற்று சாத்தியம் என்று முன்பே கணக்கிட்டு, அதை விதியிலேயே எழுத வேண்டும். மாலை ஆறு மணிக்குள் 60 வராவிட்டால் ‘ஆதரவு இல்லை’ என்ற தீர்மானம் தானாகவே வாக்குக்கு வரும் என்று ஒரு வரி இருந்தால், கடைசி மணி நேரத்தில் யாரும் வாக்கு முறையை அவசரமாக மாற்ற மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்று முடிவைத் தலைவர் வாசிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வேட்பாளர் தரப்பிலிருந்தும் ஒருவர் அந்த மூன்று எண்கள் எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்தவர்கள், அமர்ந்திருப்பவர்கள், வாக்களித்தவர்கள். கையெழுத்துப் போட மறுப்பவர் காரணத்தை அதே தாளில் எழுத வேண்டும், அந்தக் காரணம் தீரும்வரை வாக்கெடுப்பு திறந்தே இருக்க வேண்டும். யார் யார் விலக்கப்படுகிறார்கள் என்பதை அதற்குப் பிறகு அறிவிக்கலாம்.